கண்ணிவெடிக் காடு – 9: ஒட்டுசுட்டான் சாலை

2001 செப்டம்பர் 26, புதன்கிழமை. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து பதினைந்தே நாள் ஆகியிருந்தது. உலகமே அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வன்னிக் காட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க ஆள் இல்லை.

ஒட்டுசுட்டான் பக்கம் சாலையின் இரு மருங்கிலும் காடு. பாலையும் முதிரையும் வீரையுமாக அடர்ந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழை இறங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. செம்மண் புழுதி பறக்க ஒரு வாகனம் வந்தது. உள்ளே இருந்தவர் அந்தச் சாலையில் பயப்படக் காரணமே இல்லை. 1999 நவம்பரில் ஒட்டுசுட்டானை ராணுவத்திடமிருந்து திரும்பப் பிடித்ததிலிருந்து அந்த வட்டாரம் முழுக்கப் புலிகளின் கையில் இருந்தது. தெற்கே வவுனியாப் பக்கக் காவலரண்கள், தென்கிழக்கே மணலாற்று முகாம்கள் என்று எந்தத் திசையில் கணக்குப் போட்டாலும் ராணுவம் இருபது, முப்பது கிலோமீட்டர் காட்டுக்கு அப்பால்தான் நின்றது.

வெடி சாலைக்கு அடியிலிருந்து வரவில்லை. பக்கத்துக் காட்டிலிருந்து வந்தது.

வாகனத்தில் இருந்தவர் வைத்திலிங்கம் சொர்ணலிங்கம். இயக்கப் பெயர் சங்கர். வல்வெட்டித்துறைக்காரர். சென்னையில் விமானப் பொறியியல் படித்து, கனடாவில் ஏர் கனடாவில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு இயக்கத்துக்கு வந்தவர். கடற்புலிகளுக்கு ஆரம்ப காலத்தில் உருக்கொடுத்தவர்களில் ஒருவர். பிறகு வான்படை என்று ஒன்றைக் கட்ட ஆரம்பித்தவர். பிரபாகரனுக்கு மிக நெருக்கம். ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2007 மார்ச்சில், புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மேல் குண்டு போட்டன. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

போர்முனையில் அவரைக் கொன்றிருந்தால் அது ஒரு செய்தி. இது அப்படியல்ல. புலிகளின் நடு வீட்டுக்குள் யாரோ வந்து, காத்திருந்து, ஆளைப் பார்த்து, அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்படி வந்தார்கள்? அதைவிட முக்கியம்: இந்த வாகனத்தில்தான் அவர் வருகிறார் என்று காட்டுக்குள் படுத்திருந்தவனுக்கு யார் சொன்னது?

* * *

முன் வாரங்களில் சொன்னதை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொள்வோம். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறக்கிவிடப்பட்ட இந்தியக் கமாண்டோக்களை மீட்கப் போன டாங்கிகள் சாலையை விட்டுவிட்டு ரயில் பாதை மேலேயே ஓடின. சாலை முழுக்க வெடி. டி-72 ரக டாங்கி அது. அந்த ரகத்தைப் பிறகு நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் கட்டினார்கள். இரும்புக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர்களே தரையை நம்பாமல் தண்டவாளத்தை நம்பினார்கள் என்றால், நடந்து போன சிப்பாயின் நிலை என்ன? அவனுக்குக் காத்திருந்தது ஜொனி மிதிவெடி. 1988 மார்ச்சில் இந்தியப் படையால் கொல்லப்பட்ட தளபதி ஜொனியின் பெயரைத் தாங்கிய அந்தப் பலகைப் பெட்டியில் உலோகம் மிகக் குறைவு. தேடும் கருவியில் எளிதில் சிக்காது. உயிரை எடுக்காமல் காலை எடுக்கும். இலங்கையில் சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள் என்பதை நாம் சொல்கிறோம். கணுக்காலோடு திரும்பாதவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர்களில் பலர் இன்றும் நம் ஊர்களில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

இந்தியப் படை போனது. மிதிவெடி போகவில்லை. 2000 ஏப்ரல் 22 அன்று ஆனையிறவு விழுந்த பிறகு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்தில், முகமாலைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே, இரண்டு தரப்பும் மாறி மாறி வெடியைப் புதைத்தன. மறு ஆண்டு ஏப்ரல் கடைசி வாரம் ராணுவம் அங்கே பெரும் படையோடு முன்னேறப் பார்த்தது. அக்னிகீல என்று பெயர் வைத்திருந்தார்கள். புலிகள் அந்தச் சண்டைக்கு இட்ட பெயர் தீச்சுவாலை. சிப்பாய்கள் நேராக மிதிவெடி வயலுக்குள் போனார்கள். முன்னால் கால் வைக்க முடியாமல் நின்றவர்கள் மேல் மோட்டார் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். சில நாட்களில் பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

ஆயிரக்கணக்கில் போக வழியில்லை. அப்படியானால் நாலு பேர், எட்டுப் பேர் போவது? கொழும்பில் இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் அந்த ஏப்ரலுக்குப் பிறகு அதன் எடை கூடியது.

* * *

இலங்கை ராணுவத்தின் சிறப்புப் படை 1980களின் நடுவில் ஒரு சின்னக் குழுவாகத் தொடங்கியது. கட்டியவர் காமினி ஹெட்டியாராச்சி. மாதுறு ஓயாக் காட்டில் பயிற்சி. அந்தப் படையின் ஆட்களையும் ராணுவப் புலனாய்வின் தகவலையும் ஒன்றாக முடிந்ததுதான் தமிழில் நாம் ஆழ ஊடுருவும் படை என்று சொல்கிற அணி. இதற்குப் பின்னால் நின்ற பெரிய அதிகாரி லயனல் பலகல்ல. முன்பு ராணுவப் புலனாய்வை நடத்தியவர். 2001-ல் ராணுவத் தளபதியே அவர்தான்.

அணியில் சிங்களவர் மட்டும் இருக்கவில்லை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் இருந்தார்கள். புலிகளோடு பகைகொண்டு பிரிந்த பிற இயக்கத்துத் தமிழர்கள், புலிகளை விட்டு ஓடிவந்தவர்கள் இருந்தார்கள். வன்னிக் காட்டில் எந்தக் குளம் எந்த மாதம் வற்றும், எந்த ஒற்றையடிப் பாதையில் தேன் எடுக்கிறவர்கள் வருவார்கள், எந்த வளவில் நாய் குரைக்கும் என்பது அங்கே பிறந்தவனுக்குத்தான் தெரியும். காட்டில் இவர்களுக்குப் பெரிய பயம் புலிகளின் காவலரணைப் பற்றியதுகூட அல்ல. விறகு வெட்ட வந்த ஒரு கிழவரைப் பற்றியது. அவர் கண்ணில் பட்டால் பல நாள் நடந்து வந்தது வீண். அவரை விட்டுவிட்டால் மாலைக்குள் காடு முழுக்கத் தேடுதல். இந்த இடத்தில் அந்த அணிகள் என்ன முடிவெடுத்தன என்பதற்கு எந்தப் பதிவேடும் வெளியே வரவில்லை.

முதுகில் உணவு, தண்ணீர், வானொலி. இவற்றோடு கிளைமோர்.

கிளைமோரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொடரின் மீதிக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான் ஓடப்போகிறது. அமெரிக்காவில் நார்மன் மெக்லியோட் என்பவர் வடிவமைத்தது. ஸ்காட்லாந்தின் பழைய பெருவாள் ஒன்றின் பெயரை வைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஹங்கேரியின் மிஸ்னாயும் ஜெர்மனியின் ஷார்டினும் கண்டறிந்த ஒரு விளைவுதான் அதன் அடிப்படை: தகடு போல் பரப்பிய வெடிமருந்து எல்லாப் பக்கமும் சிதறாமல் ஒரே முகமாகப் பாயும். 1960 வாக்கில் அமெரிக்கப் படைக்கு வந்தது; வியட்நாமில் பெயர் எடுத்தது. எடை 1.6 கிலோ. லேசாக வளைந்த பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி, கீழே மடங்கும் கால்கள், மேலே குறி பார்க்க ஒரு சிறு துளை. முன்பக்கத்தில் 'இந்தப் பக்கம் எதிரியை நோக்கி' என்று ஆங்கிலத்தில் புடைப்பு எழுத்து. இருட்டில் கையால் தடவியே எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளலாம். உள்ளே ஏறத்தாழ 700 எஃகுக் குண்டுகள். 60 டிகிரி விசிறியாக, ஆள் உயரத்தில், 50 மீட்டர் வரை அதற்குத் தப்பிப்பது கடினம். ரஷ்யாவும் சீனாவும் தங்கள் பங்குக்கு ஒவ்வொன்று செய்தன. புலிகளும் தாங்களே செய்துகொண்டார்கள்.

சாலையில் புதைக்கிற கண்ணிவெடிக்குக் குழி தோண்ட வேண்டும். தோண்டினால் மண் நிறம் மாறும், காவல் சுற்றி வருகிறவன் பார்த்துவிடுவான். கிளைமோருக்கு ஒரு மரத்தின் அடி போதும். நாலு இலை ஒடித்து மூடினால் போதும். மிக முக்கியமாக, அது தானாக வெடிக்காது. ஒருவன் சற்றுத் தொலைவில் படுத்துக்கொண்டு பார்ப்பான். வருவது மாட்டு வண்டியா, டிராக்டரா, பள்ளிப் பிள்ளைகளா, தான் தேடி வந்த ஆளா என்று பார்த்துவிட்டுத்தான் விசையை அழுத்துவான்.

சென்னையில் நம் கள்ளிக்குப்பத்திலிருந்து பார்த்தால் புழல் ஏரிக்கு அந்தப் பக்கம் காவாங்கரை. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் அங்கே பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இந்தத் தொடருக்காக அங்கே பேசியவர்களில் வன்னியிலிருந்து வந்த ஒரு அம்மா, போர் பற்றிய பெரிய கேள்வி எதற்கும் பதில் சொல்லவில்லை. சாலையைப் பற்றி மட்டும் சொன்னார்: "றோட்டுக்கரையில இலைக்கொத்து கிடந்தா சைக்கிளத் திருப்பிப்போடுவம் தம்பி. சுத்தி நிக்கிற இலை பச்சையா இருக்கும், வெட்டி வச்ச இலை மத்தியானத்துக்குள்ள வாடிப்போடும். அதத்தான் பாக்கிறது." அவருடைய பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்து வளர்த்தாராம்.

* * *

சங்கருக்கு முன்பே இந்த முறை தொடங்கிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் அரசியல் துறைப் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வனின் வாகனத்தைக் குறிவைத்து ஒரு கிளைமோர் வெடித்தது, அவர் தப்பினார். ஜூன் மாதம் மட்டக்களப்பில் புலனாய்வுப் பொறுப்பாளர் நிசாம் கொல்லப்பட்டார். பிறகு ஒட்டுசுட்டான். புலிகளின் தலைவர்கள் தங்கள் சொந்த மண்ணில் வண்டி மாற்றி, வழி மாற்றிப் போக ஆரம்பித்தார்கள். ஒரு படையணியால் செய்ய முடியாததைச் சில பேர் செய்துவிட்டார்கள் என்று கொழும்பில் ஒரு சிறு வட்டம் மகிழ்ந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே அப்படியொரு அணி இருப்பதே தெரியாது. அரசாங்கம் அப்போது ஒப்புக்கொள்ளவும் இல்லை.

கிளைமோருக்குச் சட்டத்தில் ஓர் இடுக்கு இருக்கிறது. 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் கையெழுத்தாகி 1999 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் மிதிவெடியைத் தடை செய்கிறது. எதை மிதிவெடி என்கிறது? மனிதன் அருகில் வந்தாலோ தொட்டாலோ தானே வெடிப்பதை. ஒருவன் பார்த்து, முடிவெடுத்து, கையால் வெடிக்க வைக்கிற கிளைமோர் அந்தத் தடைக்குள் வராது. காரணம் நியாயமானதுதான். புதைத்துவிட்டுப் போகிற வெடிக்குக் கண் கிடையாது. முப்பது வருடம் கழித்து மாடு மேய்க்கிற சிறுவனையும் அது சிப்பாய் என்றே நினைக்கும். கையில் பிடித்திருக்கிற வெடிக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான். அவன் பொறுப்பு என்று சட்டம் நினைத்தது.

எனக்கு ஆறாத இடம் இதுதான். மனிதன் பொறுப்பு என்றால் அந்த மனிதன் யார்? 2006 ஜூன் 15 அன்று கெப்பித்திகொல்லாவையில் சிங்களக் கிராமத்து மக்கள் நிறைந்த பேருந்தை கிளைமோர் கிழித்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. அரசு புலிகளைச் சொன்னது, புலிகள் மறுத்தார்கள். 2008 ஜனவரி 29 அன்று மடுப் பகுதியில் பள்ளி மாணவர்கள் போன பேருந்து. புலிகள் ஆழ ஊடுருவும் படையைச் சொன்னார்கள், ராணுவம் மறுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வன்னியில் மனித உரிமைப் பணி செய்த கருணாரத்தினம் அடிகளார், தன் வண்டியில் போகையில். மறுபடி அதே குற்றச்சாட்டு, அதே மறுப்பு. பேருந்து மாட்டு வண்டி அல்ல, ஜீப்பும் அல்ல. ஐம்பது மீட்டரில் படுத்திருப்பவனுக்கு ஜன்னலோரம் இருப்பவர் தலை தெரியும். பார்த்துத்தான் அழுத்தியிருக்கிறான். எனக்குத் தெரிந்து அந்த விரல்களில் ஒன்றுகூட எந்த நீதிமன்றக் கூண்டிலும் நின்றதில்லை. கண் இல்லாத வெடியைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. 2017 டிசம்பரில் இலங்கையும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. முகமாலை மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி வெடி எடுக்கிற வேலையில் வன்னிப் பெண்களே முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கண் இருந்த வெடியின் கணக்கு மட்டும் திறக்கப்படாமலே கிடக்கிறது.

இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இன்னும் சேரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின், 2001 டிசம்பரில், பாகிஸ்தான் எல்லையோர வயல்களில் நம் ராணுவம் லட்சக்கணக்கில் கண்ணிவெடி புதைத்தது. பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் தங்கள் நிலத்துக்கே போக முடியாமல் உழவர்கள் காத்துக் கிடந்தார்கள். பின்னாளில் கால் இழந்தவர்களும் உண்டு. அது தனிக் கதை.

* * *

அதே டிசம்பரில் கொழும்பில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

டிசம்பர் 5-ல் நாடாளுமன்றத் தேர்தல். ரணில் விக்கிரமசிங்க தலைமையிலான கூட்டணி வென்றது. போரை நிறுத்துவோம் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர் பிரதமர் ஆனார். ஆனால் ஜனாதிபதி நாற்காலியில் எதிர்க்கட்சிக்காரரான சந்திரிகா குமாரதுங்கவே இருந்தார். ஒரே நாட்டுக்கு இரண்டு அதிகார மையம். டிசம்பர் 24 முதல் ஒரு மாதம் போர்நிறுத்தம் என்று புலிகள் அறிவித்தார்கள். புதிய அரசும் ஏற்றது. நடுவராக வந்த நார்வேயின் தூதர்கள் பறந்துகொண்டிருந்தார்கள்.

ரணில் தரப்பில் சிலர் காதில் ஒரு செய்தி விழுந்திருந்தது. ராணுவத்துக்குள்ளேயே ஒரு ரகசியக் குழு இருக்கிறது. அது ரணிலைக் கொல்லப் பார்க்கிறது. பழியைப் புலிகள் மேல் போடப் புலிச் சீருடைகூட வைத்திருக்கிறது. எல்லாம் கொழும்புக்கு அருகே ஒரு வீட்டில் பதுக்கப்பட்டிருக்கிறது. இந்தச் செய்தியில் வீடு உண்மை. சீருடை உண்மை. வெடியும் உண்மை. அவை எதற்கு என்பதில்தான் எல்லாமே கவிழ்ந்தது.

கொழும்பின் கிழக்கே அத்துருகிரிய. அங்கே மில்லேனியம் சிட்டி என்று புதிதாக எழுந்த குடியிருப்பு. ஒரே மாதிரி வீடுகள், அடுத்த வீட்டில் யார் என்று யாரும் கேட்காத இடம். 2002 ஜனவரி 2 அன்று, கண்டியைச் சேர்ந்த போலீஸ் அதிகாரி குலசிறி உடுகம்பொல தன் ஆட்களோடு அங்கே ஒரு வீட்டு வாசலில் நின்றார்.

உள்ளே கேப்டன் நிலாம் இருந்தார். ராணுவப் புலனாய்வைச் சேர்ந்த முஸ்லிம் அதிகாரி. கூடச் சில சிப்பாய்கள், இயக்கத்தை விட்டு வந்த ஒருவர். போலீசார் அறைகளைத் திறந்தார்கள். கிளைமோர்கள் இருந்தன. தோளில் வைத்துச் சுடும் தீக்குண்டு ஏவிகள் இருந்தன. புலிகளின் வரிச் சீருடை இருந்தது. வன்னிக் காட்டுக்குள் போகிறவன் அணிந்துகொள்ள வேண்டிய உடை அது. போலீஸ் கண்ணுக்கு அது ரணிலைக் கொல்ல வந்த சதியின் சாட்சியாகத் தெரிந்தது.

நாங்கள் ராணுவம் என்று அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கேட்பார் இல்லை. எல்லாரையும் வண்டியில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். யார் யார் என்ற விவரம் பதிவேட்டில் ஏறியது. அதோடு நின்றிருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம். சில நாட்களில் அது செய்தித்தாள்களுக்கும் போனது. காட்டுக்குள் அவர்களுக்கு வழிகாட்டியவர்கள், சோறு போட்டவர்கள், சங்கரின் வண்டி வரும் நேரத்தைச் சொல்லக்கூடியவர்கள் அப்போதும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் தங்கள் தங்கள் வீடுகளில் இருந்தார்கள். செய்தித்தாள் கிளிநொச்சிக்கும் போகும். அங்கே புலிகளின் புலனாய்வுத் தலைவர் பொட்டு அம்மானின் ஆட்கள் ஒவ்வொரு வரியையும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள்.

போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் ஏழு வாரம் இருந்தது. முதல் ஆள் அதற்கு முன்பே காணாமல் போனார்.

(தொடரும்)